மரத்தில் எழுத்து: உளி பிடித்த கதையும் ஒரு வேண்டுகோளும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ செய்யிற வேலையைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசு" என்று சொன்னார்கள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் பேசியே ஆகணும். ஏன்னா இன்றைக்குச் சாயங்காலம் நாம ஒரு முடிவு எடுக்கப் போறோம். பயிற்சிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு லட்சம் ரூபாயை என்ன செய்வது? பெயர்ப்பலகை வெட்டும் சி.என்.சி. மிஷினுக்கு முன்பணமாகக் கட்டுவதா, இல்லை பத்துப் பெண்களுக்கு உளி வாங்கிக் கொடுத்து, கையால் செதுக்கக் கற்றுக் கொடுப்பதா? இரண்டு பக்கமும் நம்ம சகோதரிகள்தான் பேசுகிறார்கள். எது முடிவானாலும், அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்து முடிவெடுத்தால் நல்லது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் செய்வது மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் வேலை. வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கடைப் பெயர், "நல்வரவு", குலதெய்வத்தின் பெயர் இப்படி. சிலை செதுக்க எனக்குத் தெரியாது. எழுத்து மட்டும்தான்.

நம்ம பக்கத்தில் இது புதுத் தொழில் ஒன்றும் இல்லை. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற அரும்பாவூரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். கோயில் வாகனத்துக்கும் சாமி சிலைக்கும் பேர் போன ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. ஆனால் நான் பார்த்த பட்டறைகளில் உளி பிடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் உப்புத்தாள் தேய்ப்பார்கள், பாலிஷ் போடுவார்கள், தூசி கூட்டுவார்கள். நானும் உப்புத்தாள் தேய்க்கத்தான் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் பெயர்ப்பலகை வெட்டுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். பத்து நாள் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழகணுமா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா" என்றேன். கையில் உளியைக் கொடுப்பார் என்று பார்த்தால், சாணைக்கல்லைக் கொடுத்தார். "மொதல்ல தீட்டு. எழுத்து பொறவு வரும்" என்றார்.

ஒரு மாதம் தீட்டினேன். இந்தத் தொழிலில் பாதி அதுதான் என்று இப்போது புரிகிறது. உளியின் சாய்வு கல்லில் முழுசாகப் படிய வேண்டும். சாய்வை மாற்றாமல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நல்லாத் தீட்டினால் மறுபக்கத்தில் மெல்லிசாக ஒரு பிசிறு விரலில் தட்டுப்படும். அந்தப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, கடைசியாகத் தோல்வாரில் தேய்க்கணும். கூர் வந்துவிட்டதா என்று பார்க்க விரலை வைக்காதீங்க. மென்மையான மரத்துண்டு ஒன்றை எடுத்து, அதன் நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள். வெட்டின இடம் பளபளன்னு இருந்தால் கூர் சரி. பிய்ஞ்சு வெள்ளையா இருந்தால் இன்னும் தீட்டணும். மழுங்கின உளியால்தான் கை வெட்டுப்படும். கூர் இல்லாததை அழுத்தித் தள்ளுவோம், அது சறுக்கிக்கிட்டுப் போகும். அருவாமனை வைத்துக் காய் நறுக்குகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது மரம். எழுத்துக்கு எல்லா மரமும் ஆகாது. நார் நேராக ஓடணும், கண் இருக்கக் கூடாது, நன்றாகக் காய்ந்திருக்கணும். பச்சை மரத்தில் செதுக்கினால் காயக் காயப் பலகை வளையும், வெடிக்கும், எழுத்தும் கோணும். பழகுவதற்கு வாகைத் துண்டு போதும். வாசலில் மாட்ட தேக்குதான் கேட்பார்கள். மழைக்கும் கறையானுக்கும் அது தாங்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு நிலை, ஜன்னல் சட்டம் இதெல்லாம் இன்னும் நல்லது. ஐம்பது வருஷம் காய்ந்த மரம் அது. ஆனால் ஆணி ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டுத்தான் உளி வைக்கணும்.

இனி வெட்டும் முறை. எழுத்துக் கோட்டின் உட்பக்கம் வாய்க்கால் மாதிரி, இரண்டு பக்கமும் சரிந்து அடியில் கூராக முடிகிற பள்ளம். இங்கிலீஷ் "வி" எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கோட்டின் நடுவே உளியை நிமிர்த்தி வைத்து, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி ஒரு நடுவெட்டு. பிறகு இடது ஓரத்தில் இருந்து சாய்த்து நடுவெட்டு வரைக்கும் ஒரு சீவல், வலது ஓரத்தில் இருந்து இன்னொரு சீவல். சில்லு தானாகத் தெறித்து வரும். இரண்டு சரிவும் ஒரே அளவாக இருந்தால் அடிக்கோடு நடுவில் நேராக நிற்கும். வெளிச்சம் ஒரு சரிவில் விழும், இன்னொன்றில் நிழல் விழும். அதனால்தான் பெயின்ட் அடிக்காமலே அந்த எழுத்து தூரத்தில் இருந்தும் தெரிகிறது.

எழுத்தை நிற்க வைத்து, சுற்றியுள்ள மரத்தை எடுத்துவிடுவது இன்னொரு வகை. புடைப்பு எழுத்து என்போம். அதற்கு நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். விலையும் அப்படியே. முதலில் குழிவெழுத்து பழகுவதுதான் நல்லது.

பெரியவர் எனக்கு எழுத்தே கொடுக்கவில்லை, கோடுதான் கொடுத்தார். நார் போகிற திசையில் இருபது கோடு, நாருக்குக் குறுக்கே இருபது, சாய்வாக இருபது. மூன்றும் மூன்று விதமாக வெட்டுப்படும். நாரோடு போகும்போது உளி கட்டுக்குள் நிற்காமல் ஓடப் பார்க்கும். குறுக்கே போகும்போது பலம் கேட்கும். சாய்கோட்டில் ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி வரும், மறுபக்கம் பேர்த்துக்கொண்டு வரும். பேர்த்தால் உளியைத் திருப்பி எதிர்த் திசையில் இருந்து சீவணும். அவ்வளவுதான் ரகசியம். வட்டம் வெட்டும்போது ஒரே வட்டத்துக்குள் நாலு தடவை திசை மாறணும்.

அதற்குப் பிறகுதான் எழுத்து. முதலில் ட, ப. இரண்டும் நேர்கோடுதான். அப்புறம் ம, ய, வ. அப்புறம் க, த, ந. கடைசியில் ஞ, இ, மூணு சுழி ண. நம்ம தமிழ் எழுத்து சுழியாலேயே ஆனது. சுழியின் உள்ளே நிற்கிற குட்டி மரம் இருக்கே, அது நாருக்குக் குறுக்கே ரொம்பக் குறுகலாக இருக்கும். கொட்டாப்புளியால் அடித்தால் அது உதிர்ந்துவிடும். அதனால் சுழிக்குள் அடிக்கவே கூடாது. வளைந்த வாயுள்ள உளியைக் கையால் மட்டும் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவணும். சுழியின் வளைவுக்கும் உளியின் வளைவுக்கும் பொருத்தம் இருக்கணும். இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது கோலம்தான். சிக்குக் கோலம் போடுகிற கைக்கு, வளைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று சொல்லித்தர வேண்டாம். இழையின் அகலம் மாறாமல் திரும்ப நமக்குத் தெரியும்.

புள்ளி வைப்பது எல்லாம் முடிந்த பிறகு. வளைந்த உளியை நிமிர்த்தி வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் சின்னக் கிண்ணம் மாதிரி மரம் வந்துவிடும். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்களாம். நம்ம மரம் கிழியாது. தாராளமாக வைக்கலாம்.

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையைச் சமமாகக் கட்டம் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எழுத்து போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. ர ஒல்லி, ண அகலம். ஒல்லி எழுத்தைச் சுற்றி மைதானம் மாதிரி வெறும் இடம் நிற்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதி வெட்டி, பலகையில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். பிறகு பலகையைத் தலைகீழாகத் திருப்பி, பத்தடி தள்ளி நின்று பார்ப்பேன். தலைகீழாக இருக்கும்போது கண் படிக்காது, இடம் மட்டும் தெரியும். எங்கே நெருக்கம், எங்கே ஓட்டை என்பது உடனே புரியும். சரியானதும் கார்பன் தாள் வைத்துப் படியெடுத்துவிட்டு உளியை எடுப்பேன்.

பழைய வீட்டுக்காரர்கள் சில பேர், "எங்க தாத்தா காலத்துப் பலகை மாதிரியே வேணும்" என்பார்கள். அப்போது பழைய எழுத்து தெரிந்திருக்கணும். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நாலுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்த கொம்பு இருந்தது. ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது, எழுத்தோடு சேர்த்தே சுழிப்பார்கள். நம்ம பாட்டிமார் அப்படித்தான் எழுதினார்கள். பழைய கதவில், கடைப்பலகையில் இதைப் பார்த்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த மாதிரி வேலைக்குக் கூடுதல் கூலி கிடைக்கும்.

இப்போது காசுக் கதை. அதுதானே எல்லாருக்கும் வேணும்!

குழுவில் எனக்கு உள்கடன் 8,000 ரூபாய் கொடுத்தீர்கள். எட்டு உளி, கொட்டாப்புளி, சாணைக்கல், பலகையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கிளாம்ப் எல்லாம் சேர்த்து 6,500. மீதி 1,500-க்கு மரம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், பத்து மாதத்தில் மாதம் 800 அசலும், குறைகிற பாக்கிக்கு வட்டியுமாகக் கட்டி முடித்தேன். மொத்த வட்டி 440 ரூபாய். அந்த உளிகள்தான் இன்றைக்கும் ஓடுகின்றன.

பதினெட்டு அங்குல நீளம், எட்டு அங்குல உயரம், ஓர் அங்குலக் கனத்தில் ஒரு தேக்குப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரமும் இழைப்புக் கூலியும் 550. பாலிஷும் கொக்கியும் 120. பேக்கிங், பஸ் செலவு 80. ஆக 750. இரண்டரை நாள் வேலை. 2,400-க்குக் கொடுக்கிறேன். கையில் 1,650 நிற்கும். நாளைக்கு 660 ரூபாய். ஆடு மாட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் இருந்துகொண்டு சம்பாதிக்கிற 660. ஆனால் எல்லா மாதமும் இப்படி இருக்காது. தை, வைகாசி, ஆவணியில் புதுமனைப் புகுவிழா நடக்கும், ஆர்டர் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் வராது. அந்த மாதங்களில் "நல்வரவு" மாதிரிப் பலகைகள் செய்து வைப்பேன். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். டவுனில் ஒரு கடைக்குக் கமிஷனில் எட்டுப் பலகை கொடுத்தேன். ஐந்து மாதம் நடையாய் நடந்தேன். கடைசியில், "மிஷின் பலகை விலைக்குத்தான் போச்சு" என்று சொல்லிப் பாதிக் காசுதான் வந்தது. அப்போது இருந்து பாதி முன்பணம் வாங்காமல் மரத்தில் கை வைப்பதில்லை. நாம தனித்தனியாக நின்றால் இப்படித்தான் நடக்கும். கூட்டமைப்பு பேரில் ஒரே விலைப்பட்டியல் இருந்தால், பூமாலை வளாகத்திலும் மதி விற்பனையிலும் வைத்தால், எந்தக் கடைக்காரரும் அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது என் மனசில் இருக்கிற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஆர்டரில் பெரும்பாலும் ஆம்பளைப் பேர்தான் இருக்கும். அப்பா பேர், மகன் பேர், அவர் படித்த படிப்பு. வீட்டுக்காரம்மா பேர் இருப்பது பாதிக்கும் கீழே. நம்ம குழுவிலேயே ஒரு அக்கா. பேர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. குழுக்கடன் வாங்கி, மாடு வளர்த்து, ஓட்டு வீட்டை மாற்றி மாடி வீடு கட்டினாங்க. பலகைக்கு வீட்டுக்காரர் பேரை மட்டும் எழுதிக் கொடுத்தாங்க. "அக்கா, பட்டா யாரு பேருல இருக்கு?" என்று கேட்டேன். "என் பேருலதான்டி" என்றாங்க. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அந்த அண்ணனே வந்தார். "ரெண்டு பேரு பேரையும் போட்டுரும்மா. ஆனா அவ பேரு நீளமாச்சே, எடம் இருக்குமா?" என்று கேட்டார். "எடத்தை நான் பாத்துக்கிறேன் அண்ணே" என்றேன். ஆறு எழுத்து அதிகம். பலகையை மூன்று அங்குலம் நீட்டினேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்தது என்று சொன்னால் பொய். "கேட்டதை மட்டும் வெட்டும்மா" என்று சொன்னவர்களும் உண்டு. கேட்டதை வெட்டிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டேன். வீடு அவர்களுடையது. ஆனால் கேட்கிற கேள்வியை நான் விடவில்லை. பலகை வெட்டுவது ஒரு பெண்ணாக இருந்தால் அந்தக் கேள்வி வரும்.

தமிழ்நாட்டில் 1989-ல்தான் தருமபுரியில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கின. அதே 1989-ல் இருந்துதான் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை என்று நம்ம மாநிலத்தில் சட்டம் வந்தது. பாஸ்புக்கில் நம்ம பேர் வந்துவிட்டது, பட்டாவிலும் வருகிறது. வாசலில்தான் இன்னும் வரவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு டூர் போனோமே, ஞாபகம் இருக்கா? ராஜராஜ சோழன் அந்தக் கோயில் சுவரில் தான் கொடுத்ததை மட்டுமா வெட்டி வைத்தார்? அக்கா குந்தவை கொடுத்தது, தேவிமார் கொடுத்தது என்று தனித்தனியாக வெட்டச் சொல்லியிருக்கிறார். கோயிலில் ஆடுவதற்கு வந்த நானூறு பெண்களின் பேரும், யாருக்கு எந்த வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்தும் அந்தப் பெண்கள் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிவது அந்த உளியால்தான்.

கடைசியாக, மிஷின். மிஷினை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே மாதிரி இருநூறு பலகை வேணும் என்றால் மிஷின்தான் சரி. கையால் அந்த வேலை ஆகாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நமக்கு வந்திருக்கும் விலைப்பட்டியலில் மிஷின் மூன்றரை லட்சம். ஒரு லட்சம் கட்டினால் மீதி இரண்டரை லட்சம் கடன். ஓட்ட ஒருத்தி போதும். மிஷின் பலகை டவுனில் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அந்தக் கடைகளோடுதான் நாம போட்டி போடணும். பழுதானால் ஆள் வெளியூரில் இருந்து வரணும். அதோடு, கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தைத்தான் அது வெட்டும். இடைவெளி கோணலாக இருந்தால் கோணலாகவே இருநூறு தடவை வெட்டும். எழுத்து தெரிந்த கண் ஒன்று பக்கத்தில் இருக்கணும்.

பயிற்சிக் கணக்கு இது. பத்துப் பேருக்கு ஆளுக்கு 4,000 ரூபாய் உளி செட்டு, 40,000. பொதுவாக இரண்டு மேஜை, சாணைக்கற்கள், பழகும் மரம், 12,000. பயிற்றுநருக்கு நாளைக்கு 800 வீதம் அறுபது நாள், 48,000. சரியாக ஒரு லட்சம். கடன் கிடையாது. பத்துப் பேரும் கடைசி வரை நிற்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் நின்றால் கூடப் போதும். விலகுகிறவர்கள் உளியைக் கூட்டமைப்பில் திருப்பிக் கொடுத்துவிடணும், அடுத்தவருக்கு அது போகும். இரண்டு வருஷம் கழித்து ஆர்டர் பெருகினால் மிஷினும் வாங்குவோம். அன்றைக்கு அதை ஓட்ட, நல்ல எழுத்து எது என்று தெரிந்த நாலு பேர் நம்மகிட்ட இருப்பார்கள்.

பயிற்சி முடிவானால், வாரத்தில் மூன்று நாள் நானும் வந்து சொல்லித் தருகிறேன். அதற்கு எனக்குக் கூலி வேண்டாம். வருகிறவர்கள் மூன்று விஷயத்தை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை கிளாம்ப் போட்டு இறுக்காமல் உளி வைக்கக் கூடாது. இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால்தான் இருக்கணும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடணும்.

முதல் மாதம் தீட்டுவதும் கோடு போடுவதும்தான். சலிப்பாக இருக்கும். இரண்டாவது மாதக் கடைசியில் ஒவ்வொருத்தியும் ஒரு பலகை வெட்டுவோம். என்ன எழுதுவது என்று யாரும் யோசிக்க வேண்டாம். அவங்கவங்க சொந்தப் பேர். இனிஷியல் வேணும்னா போட்டுக்கலாம், அப்பா பேரோடதா, அம்மா பேரோடதா என்பது அவங்க இஷ்டம்.

கையைத் தூக்குவதற்கு முன்னால், பின்வரிசை மேஜையில் நான் வைத்திருக்கும் இரண்டு பலகைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மிஷினில் வெட்டியது, ஒன்று நான் வெட்டியது. பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள்.